நீட்டுக்கு வெளியே ஒரு மருத்துவ வேலை

ஐயா, உங்கள் மகளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, மருத்துவத் துறையையும் விட மனசில்லை என்று எழுதியிருந்தீர்கள். "மலேரியா தடுப்பூசிக்குக் கணக்குப் போடும் வேலையாம், அதற்கெல்லாம் சம்பளம் தருவார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். தருவார்கள். கொஞ்சம் தாமதமாக.

ஆர்.டி.எஸ்.எஸ். என்ற மலேரியா தடுப்பூசியை ஆப்பிரிக்காவின் ஏழு நாடுகளில் குழந்தைகளுக்குப் போட்டுச் சோதித்தார்கள். அது தரும் பாதுகாப்பு வருடம் போகப் போகக் குறைந்தது. அப்படியானால் பதினைந்து வருடத்தில் எத்தனை உயிர் தப்பும்? அத்தனை காலம் சோதனை நடத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான்கு குழுக்கள் தனித்தனியாகக் கணித மாதிரிகளை, அதாவது நோய் பரவும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் ஓட்டிப் பார்த்தன. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு அதில் ஒன்று. நான்கு தவணையும் போட்ட ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 484 மரணங்கள் தவிர்க்கப்படும் என்பது நடுமதிப்பு. ஆனால் கணிப்புகளின் வீச்சு 189 முதல் 859 வரை!

இந்த இடைவெளி ஏன் என்று யோசிப்பதுதான் வேலையின் ருசியே. கொசு அதிகம் கடிக்கும் ஊரில் குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்து, பிழைத்தால், தானாகவே ஓரளவு எதிர்ப்புசக்தி வளரும். தடுப்பூசி காய்ச்சலைக் குறைத்தால் அந்த வளர்ச்சியும் தள்ளிப்போகலாம். சில பாதிப்புகள் பிந்தைய வயதுக்கு நகரலாம். இதை எப்படிச் சமன்பாட்டில் எழுதுகிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும். 'சரியான விடை ஒன்றுதான்' என்று பழகிய பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கும். உங்கள் மகள் எந்த ரகம் என்று பாருங்கள். மதிப்பெண்ணைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம், படிப்பு. இளநிலையில் புள்ளியியல் அல்லது கணிதம் போதும். பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று புதுப்புது பட்டங்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். கூடவே ஆர் (R) அல்லது பைதான் என்ற கணினி மொழியைப் பழகட்டும். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல் (பயோஸ்டாடிஸ்டிக்ஸ்) முதுநிலை இருக்கிறது. மாதிரிகளையே சொந்தமாக உருவாக்க ஆசைப்பட்டால் பி.எச்டி. வரை போகத்தான் வேண்டும். நாலு வருடத்தில் கேம்பஸ் வேலை என்ற கணக்கு இங்கே செல்லாது. வீட்டுக்கு உடனே சம்பளம் தேவை என்றால் முதுநிலை முடித்ததும் மருந்துச் சோதனைகளின் தரவை அலசும் நிறுவனங்களில் சேரலாம்.

இந்த லீவிலேயே ஒன்று செய்யச் சொல்லுங்கள்: நூறு பேர் இருக்கும் ஹாஸ்டலில் ஒருவருக்கு அம்மை வந்தால் நாளுக்கு நாள் எப்படிப் பரவும் என்று எக்செல்லில் போட்டுப் பார்க்கட்டும். பாதிப் பேருக்குத் தடுப்பூசி போட்டதாக வைத்து மறுபடி ஓட்டட்டும். முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நானே பார்க்கிறேன்.