வெரோனா சாம்பியன் ஆன வருஷம்: கேள்வி பதில்

இத்தாலியின் முதல் டிவிஷன் லீக்கான சீரி ஆவை 1984-85 சீசனில் ஹெலாஸ் வெரோனா ஜெயித்தது. அதற்கு முன்னும் ஜெயித்ததில்லை, பின்னும் இல்லை. அந்த சீசனைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றையே பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். பாதிப் பேர் 'அதிசயம்' என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

கே: அண்ணா, வெரோனா என்றால் ரோமியோ ஜூலியட் ஊர் என்பதோடு சரி. அவர்கள் ஜெயித்தது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

இத்தாலியில் லீக் பட்டம் என்பது பெரிய நகரங்களின் சொத்து. டூரின், மிலான், ரோம், கொஞ்சம் ஃப்ளோரன்ஸ், போலோன்யா. 1970-ல் ஜெயித்த காலியாரிகூட சர்தீனியா மாகாணத்தின் தலைநகரம். வெரோனா அதுவும் இல்லை. அந்த மாகாணத்துக்குத் தலைநகர் வெனிஸ். எல்லா அணிகளும் ஒரே பட்டியலில் மோதும் முறை 1929-30-ல் வந்தது. அதிலிருந்து இன்றுவரை, மாகாணத் தலைநகர் அல்லாத ஒரு ஊர் அணி பட்டம் வென்றது அந்த ஒரு முறைதான்.

அதுவும் எந்தக் காலத்தில்? உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் இத்தாலியில் குவிந்திருந்த காலம். யுவென்டஸில் பிளாட்டினி, உடினேசேயில் ஜீக்கோ, ரோமாவில் ஃபல்காவ். அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள் நேப்பிள்ஸுக்கு மரடோனா, ஃப்ளோரன்ஸுக்கு சாக்ரடீஸ், இன்டருக்கு ரும்மெனிகே, சாம்ப்டோரியாவுக்கு சூனஸ். ஒரு அணிக்கு இரண்டு வெளிநாட்டவர்தான் என்ற விதி இருந்ததால் நட்சத்திரங்கள் எல்லா ஊர்களிலும் சிதறிக் கிடந்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கே: சீசன் எப்படிப் போனது? சுருக்கமாகச் சொன்னால் போதும்.

16 அணிகள், 30 ஆட்டங்கள். வெரோனா 15 வெற்றி, 13 ட்ரா, 2 தோல்வி. 42 கோல் போட்டு 19 வாங்கினார்கள். அன்று வெற்றிக்கு இரண்டு பாயிண்ட் என்பதால் மொத்தம் 43. இரண்டாவது வந்த டொரினோவுக்கு 39. முதல் வாரம் மேலே ஏறியவர்கள் கடைசி வரை இறங்கவில்லை. தோற்றது அவெல்லினோவிடம் வெளியூரில் ஒரு முறை, டொரினோவிடம் சொந்த ஊரில் ஒரு முறை. 1985 மே 12 அன்று பெர்காமோவில் அட்டலான்டாவுடன் 1-1 ட்ரா செய்து, ஒரு ஆட்டம் மீதி இருக்கும்போதே பட்டத்தை முடித்தார்கள். அந்த கோலைப் போட்டவர் டென்மார்க் வீரர் எல்க்யார்.

கே: சார், ரெஃப்ரிகளைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரே வருஷம் அதுதானே? பெரிய கிளப்புகளுக்குச் சாதகமான ரெஃப்ரி கிடைக்கவில்லை, அதனால்தான் வெரோனா ஜெயித்தது என்கிறார்களே?

எதிர்பார்த்த கேள்வி. எந்த ஆட்டத்துக்கு எந்த ரெஃப்ரி என்பதைப் பொதுவாக ஒரு பொறுப்பாளர் முடிவு செய்வார். 1980-ல் சூதாட்ட ஊழல் வெடித்து மிலானும் லாட்சியோவும் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டபின், சந்தேகம் யாரையும் விட்டுவைக்கவில்லை. அந்தச் சூழலில்தான் 1984-85-ல் முழுக் குலுக்கல் முறை வந்தது. அடுத்த சீசனிலேயே அதைக் கைவிட்டார்கள். இது உண்மை. கதையாக அருமையாகவும் இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

ஆனால் முன்னும் பின்னும் பாருங்கள். 1981-82-ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வந்த அணி இது. வந்த முதல் சீசனிலேயே நான்காவது இடம், அடுத்த சீசனில் ஆறாவது. 1983, 1984 இரண்டு வருஷமும் இத்தாலியக் கோப்பை இறுதிப் போட்டிவரை போய், முதலில் யுவென்டஸிடமும் பிறகு ரோமாவிடமும் தோற்றார்கள். குலுக்கல் போன பிறகு 1986-87-ல் மறுபடி நான்காவது. குலுக்கல் இல்லாமலேயே நான்காவது வரத் தெரிந்த அணிக்கு, முதலிடம் வரக் குலுக்கல் கொஞ்சம் கை கொடுத்திருக்கலாம். அவ்வளவுதான். முப்பது ஆட்டத்தில் இரண்டே தோல்வி என்பதை எந்தக் குலுக்கலும் தராது.

கே: அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

ஓஸ்வால்டோ பன்யோலி. மிலான் நகரத்துத் தொழிலாளர் பேட்டையான போவிசாவில் பிறந்தவர், அதிகம் பேசாத மனிதர். 1981-ல் கோச்சாக வந்து அணியை வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்த்துக்கொண்டே போனார். சேர்த்ததில் பலர் பெரிய கிளப்புகள் 'வேண்டாம்' என்று விட்டவர்கள். ஃபன்னாவும் கால்டெரிஸியும் யுவென்டஸில் இடம் கிடைக்காதவர்கள். கேப்டன் ட்ரிச்செல்லா இன்டரின் இளைஞர் அணியிலிருந்து வந்தவர். சாக்கெட்டியும் புரூனியும் ஃபியோரென்டினா வழியாக வந்தார்கள். வொல்பாத்தி ஆடிக்கொண்டே மருத்துவம் படித்தவர், பிற்காலத்தில் பல் டாக்டர்.

இவர்களை வைத்து அவர் புதிதாக ஒரு தத்துவத்தையும் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் ட்ரிச்செல்லா லிபரோ (எல்லோருக்கும் பின்னால் நின்று தப்பி வருவதைத் தடுப்பவர்), ஃபொன்டோலானும் ஃபெர்ரோனியும் ஆளைப் பிடிப்பவர்கள், இடது பக்கம் மேலே ஓடும் மரங்கோன், நடுவில் பந்தைப் பிரித்துக் கொடுக்க டி ஜென்னாரோ, வலது ஓரத்தில் ஃபன்னா. அவரவருக்கு என்ன வருமோ அதை மட்டும் செய்யச் சொன்னார். பந்து கிடைத்ததும் இரண்டு மூன்று பாஸில் எதிர் முனைக்குப் போய்விடுவார்கள். முதல் பதினோரு பேரைத் தாண்டி அடிக்கடி தெரியும் பெயர்கள் நாலைந்துதான். அதனால் ஒருவருக்கு ஒருவர் எங்கே நிற்பார் என்று பார்க்காமலே தெரியும்.

அப்புறம்தான் 1984 கோடையில் அந்த இரண்டு வெளிநாட்டவர்கள் வந்தார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு எஞ்சின் மாற்றினது மாதிரி.

கே: அந்த இரண்டு பேரைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா. 86 உலகக் கோப்பையை டிவியில் பார்த்த தலைமுறை நான், பெயர் கேட்டால் ஞாபகம் வரும்.

வரும், கண்டிப்பாக. மெக்ஸிகோவில் உருகுவேயை டென்மார்க் 6-1 என்று அடித்ததே, அதில் மூன்று கோல் போட்டவர்தான் ப்ரெபென் எல்க்யார். இறுதிப் போட்டியில் கடைசி நேரத்தில் மரடோனா பாஸ் கொடுக்க, புருச்சாகா தனியாக ஓடி அர்ஜென்டினாவின் மூன்றாவது கோலைப் போட்டார் அல்லவா? பின்னாலேயே துரத்தி எட்ட முடியாமல் போன அந்த ஆஜானுபாகுவான ஜெர்மானியர் ஹான்ஸ்-பீட்டர் பிரீகல்.

பிரீகல் கைசர்ஸ்லாட்டர்னிலிருந்து வந்தார். சிறு வயதில் தடகளக்காரர், பிறகுதான் கால்பந்து. ஜெர்மனியில் டிஃபென்டராகத் தெரிந்தவரை பன்யோலி நடுக்களத்தில் ஆட வைத்தார். விளைவு, அந்த சீசனில் லீக்கில் மட்டும் 9 கோல். அந்த வருஷம் ஜெர்மனியின் சிறந்த கால்பந்து வீரர் விருதும் அவருக்கே. வெளிநாட்டில் ஆடும் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

எல்க்யார் பெல்ஜியத்தின் லோக்கெரனிலிருந்து வந்தவர். சில வாரங்களுக்கு முன்புதான் 1984 யூரோ அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக அவர் பெனால்டியை வெளியே அடித்ததில் டென்மார்க் தோற்றிருந்தது. வெரோனாவுக்காக 8 லீக் கோல். 1985-ன் ஐரோப்பியச் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் பிளாட்டினிக்கு அடுத்தபடி வந்தார். அணியில் அதிக கோல் போட்டவர் இந்த இருவரும் இல்லை, 11 கோல் போட்ட கால்டெரிஸி.

கே: மரடோனாவின் முதல் சீரி ஆ ஆட்டமே வெரோனாவுக்கு எதிராகத்தானாமே?

ஆமாம். 1984 செப்டம்பர் 16, வெரோனாவின் பென்டெகோடி மைதானம். மரடோனாவைப் பிடிக்கும் வேலை பிரீகலுக்கு. பிடித்ததோடு நிற்காமல் தானும் ஒரு கோல் போட்டார். 3-1 வெரோனா.

அந்த நாளுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வடக்கத்தியர்கள் தெற்கத்தியர்களை இழிவாகப் பேசுவது அன்றைய இத்தாலிய மைதானங்களில் சகஜம். வெரோனா ரசிகர்களில் ஒரு பகுதிக்கு அதில் கெட்ட பெயரே உண்டு. அன்றைக்கு நேப்பிள்ஸ்காரர்களை வரவேற்ற பேனரைப் பார்த்தபோதுதான் இங்கே ஆட வந்திருப்பது வெறும் கால்பந்து இல்லை என்று புரிந்தது என மரடோனாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அணியை ரசிக்கலாம், அந்தக் கூட்டத்தின் அந்தக் குணத்தை ரசிக்க முடியாது.

கே: பூட்ஸ் இல்லாமல் கோல் போட்ட கதை நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம், வீடியோவே இருக்கிறது. 1984 அக்டோபர் 14, யுவென்டஸுக்கு எதிராக. இடது பக்கத்திலிருந்து எல்க்யார் பந்தோடு ஓடி வருகிறார். தடுக்கப் போன யுவென்டஸ் டிஃபென்டர் காலை நீட்ட, வலது பூட்ஸ் கழன்றுவிடுகிறது. அவர் நிற்கவே இல்லை. பெட்டிக்குள் நுழைந்து இன்னொருவரை ஏமாற்றி, பூட்ஸ் இல்லாத அந்த வலது காலாலேயே அடித்தார். 2-0. பத்திரிகைகள் அவரை ஆண் சிண்ட்ரெல்லா ஆக்கிவிட்டன. பூட்ஸைக் கழற்றிய அந்த இளைஞர் ஸ்டெஃபானோ பியோலி, 2022-ல் மிலானைச் சாம்பியன் ஆக்கிய அதே கோச்.

கே: கோல்கீப்பர் கரெல்லா காலால்தான் பந்தைத் தடுப்பாராமே?

காலால், முட்டியால், முதுகால், எதனாலும். அழகாகப் பாய்ந்து பிடிப்பது அவர் வழி இல்லை. வெரோனாவுக்கு வருமுன் சொதப்பலுக்குப் பேர்போனவர், அவர் பெயரை வைத்தே அந்தச் சொதப்பல்களுக்கு ஒரு சொல் உருவாக்கிக் கிண்டல் செய்தார்கள். ஆனால் 30 ஆட்டத்தில் வாங்கியது 19 கோல்தானே? பிறகு நேப்பிள்ஸுக்குப் போய் 1987-ல் மரடோனாவோடு இன்னொரு பட்டமும் வென்றார். பெரிய நகரம் அல்லாத வெரோனாவுக்கும், தெற்கில் அதுவரை பட்டமே காணாத நேப்பிள்ஸுக்கும் முதல் பட்டம் வந்தபோது கோலில் நின்றவர் ஒரே ஆள். 2022-ல் காலமானார்.

கே: 13 ட்ரா கொஞ்சம் அதிகம் இல்லையா? இன்றைய மூன்று பாயிண்ட் முறையில் ஜெயித்திருப்பார்களா?

வெரோனாவின் கணக்கு 58 ஆகும். அவர்களைவிட ஆட்டங்களை அதிகம் ஜெயித்த அணியும் இல்லை, குறைவாகத் தோற்ற அணியும் இல்லை. எனவே எந்த முறையில் கூட்டினாலும் மேலே இருப்பது வெரோனாதான். இரண்டு பாயிண்ட் காலத்தில் வெளியூரில் ட்ரா என்பது நல்ல கூலி, கேவலம் இல்லை.

கே: 2016-ல் இங்கிலாந்து லீக்கை ஜெயித்த லெஸ்டரோடு ஒப்பிடலாமா சார்?

எல்லோரும் ஒப்பிடுகிறார்கள், எனக்குப் பொருந்தவில்லை. லெஸ்டர் முந்தைய சீசனில் டிவிஷனை விட்டே கீழே போகாமல் தப்பித்த அணி. வெரோனாவோ மூன்று வருஷமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த அணி. முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைக்கச் சொன்னேனே, இங்கேதான் அது வருகிறது. இரண்டு வெளிநாட்டவர் விதி இருக்கும்போது ஒரு சின்ன கிளப் சரியான இரண்டு பேரை வாங்கினால் பெரிய கிளப்போடு சமமாக நிற்கலாம். போட்டியாளர்களும் அந்த வருஷம் தடுமாறினார்கள். யுவென்டஸின் கவனம் ஐரோப்பியக் கோப்பையில், ரோமாவில் ஃபல்காவுக்கு முழங்கால் பிரச்சினை, சாக்ரடீஸுக்கு இத்தாலி ஒத்துவரவே இல்லை.

கே: அடுத்த வருஷம் ஐரோப்பியக் கோப்பையில் என்ன ஆனார்கள்?

முதல் சுற்றில் கிரீஸின் பாவோக் அணியை இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். இரண்டாம் சுற்றில் யுவென்டஸ். அந்தந்த நாட்டு சாம்பியன்கள் ஆடும் கோப்பையில் ஒரே நாட்டு அணிகள் இரண்டு எப்படி என்றால், யுவென்டஸ் நடப்பு ஐரோப்பிய சாம்பியன் என்ற தகுதியில் வந்தது. 39 பேர் இறந்த ஹைசல் இறுதிப் போட்டியில் கிடைத்த பட்டம் அது. வெரோனாவில் 0-0. டூரினில் ஆளில்லாத மைதானத்தில் 2-0 என்று யுவென்டஸ் ஜெயித்தது. பிளாட்டினி பெனால்டியில் ஒன்று, செரேனா ஒன்று. தங்களுக்குக் கிடைக்க வேண்டிய பெனால்டியை ரெஃப்ரி தரவில்லை என்று வெரோனா கொதித்தது. ஆட்டம் முடிந்து சத்தம் கேட்டு வந்த போலீஸிடம், 'திருடர்களைத் தேடுகிறீர்கள் என்றால் அவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள்' என்று பன்யோலி சொன்னதாக இத்தாலியில் இன்றும் சொல்வார்கள். அதிகம் பேசாத மனிதர் என்றேனே, பேசினால் இப்படித்தான்.

லீக்கில் பத்தாவது இடம். கரெல்லா, ஃபன்னா, மரங்கோன் மூவரும் 1985 கோடையிலேயே போய்விட்டார்கள். அடுத்த வருஷம் பிரீகலும் கால்டெரிஸியும். 1990-ல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பன்யோலி ஜெனோவாவுக்குப் போய் அந்த அணியையும் நான்காவது இடத்துக்கு ஏற்றி, 1992-ல் லிவர்பூலை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தார்.

கே: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பூட்ஸ் கோலுக்காக யுவென்டஸ் ஆட்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அதை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். நீங்கள் 1985 பிப்ரவரியில் உடினேசேயின் சொந்த ஊரில் நடந்ததைத் தேடுங்கள். வெரோனா 3-0 என்று முன்னே போய், உடினேசே 3-3 ஆக்கிவிட, வேறு அணியாக இருந்தால் அங்கேயே கலைந்திருக்கும். முடிவு 5-3 வெரோனா. படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். மஞ்சளும் நீலமும்தான் வெரோனா.