எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது?

அன்புள்ள அண்ணனுக்கு,

சில வருடங்களுக்கு முன்னால் நல்லமிளகு பறிக்க அயனி மரத்தில் ஏறி விழுந்ததில் எனக்கு முதுகுத்தண்டு போய்விட்டது. இப்போது சக்கர நாற்காலிதான். போன மாதம் எங்கள் பக்கத்து மாற்றுத்திறனாளிகள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனோம். அலுவலகம் மாடியில், அவரே கீழே இறங்கி வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். மனுவை வாங்கி பி.ஏ. கையில் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். கிளம்பும்போது ஐநூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்து அழுத்தினார். நான் பிச்சை கேட்டுப் போகவில்லை அண்ணே. திருப்பிக் கொடுக்கவும் வாய் வரவில்லை. இப்போது மறுபடி போவோம் என்கிறார்கள். எதற்குப் போக வேண்டும்? நாங்கள் போய்ச் சொன்னால் சட்டம் மாறுமா? பெயரும் ஊரும் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

போங்கள். அந்த நோட்டை நினைத்து உங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம், அதை விட்டுவிடாமல் கொண்டு போங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் உதவி கேட்கத்தான் வந்திருப்பார் என்று அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் மனுவில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த மாதிரி மனுக்களை எழுதிக் கொடுத்தவன் நான். ஒருவருக்கு ஸ்கூட்டர், ஒருவருக்கு வீடு, இன்னொருவர் தங்கைக்கு வேலை, நடுவில் எங்கேயோ உதவித்தொகையை உயர்த்த வேண்டும் என்று ஒரு வரி. இதில் ஸ்கூட்டர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியது. வீட்டுக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது. எம்.எல்.ஏ. மட்டுமே செய்யக்கூடிய வேலை அந்த ஒரு வரிதான், அதுவோ ஐந்தாம் பக்கத்தில் கிடக்கும்.

சட்டம் மாறுமா என்று கேட்டீர்கள். மாறியிருக்கிறது. 1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சட்டம் வந்ததே டெல்லியில் நம்மவர்கள் தெருவில் இறங்கியதால்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடப் பார்த்தார்கள், போராடித்தான் அந்தக் கேள்வியை உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டம், சட்டம் ஏற்கும் குறைபாடுகளை 7 வகையிலிருந்து 21 ஆக்கியது. நம் சட்டமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். உள்ளாட்சியில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று சங்கங்கள் பல வருடம் கேட்டுக் கேட்டு, 2025 ஏப்ரலில் அதற்கான மசோதாக்கள் பேரவைக்கு வந்தன. 12,913 பேர் கிராம ஊராட்சிகளிலும், 388 பேர் ஊராட்சி ஒன்றியங்களிலும், 37 பேர் மாவட்ட ஊராட்சிகளிலும் நியமன உறுப்பினராக உட்காரலாம் என்று அரசு சொன்னது. நியமனம்தானே, தேர்தல் இல்லையே என்று குறை சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் அந்தக் குறை இருக்கிறது. ஆனாலும் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு உறுப்பினர் சக்கர நாற்காலியில் வந்தால் அந்த வாசற்படியை யாராவது பார்த்துத்தானே ஆகவேண்டும்?

சரி, எதைக் கேட்பது? ஒரே ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர், உங்களைப் போலவே நாற்காலிக்காரர், அதில் ஏறும்போதெல்லாம் பின்னால் கவிழாமல் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒருநாள் தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப்போய் டேப் வைத்து அளந்தார். தரையிலிருந்து வாசல் 2 அடி உயரம். சாய்தளத்தின் நீளம் 7 அடி. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு, அப்படியானால் அங்கே 24 அடி இருந்திருக்க வேண்டும். இதை ஒரே தாளில் படத்தோடு எழுதி, கீழே இரண்டு வரி சேர்த்தார். பழைய அரசுக் கட்டடங்களை எல்லாம் சரிசெய்ய 2016 சட்டத்தின் 45ஆம் பிரிவு கொடுத்த ஐந்து வருடக் கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அணுகல் விதிகள் விருப்பமிருந்தால் பின்பற்றும் ஆலோசனைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் தேதி சொல்லிவிட்டது. அந்தத் தாளோடு எம்.எல்.ஏ.விடம் போனோம். பி.ஏ. கைக்குப் போகாமல் அவரே நின்று படித்த காகிதம் அது ஒன்றுதான். "ஏழு அடியா?" என்று திரும்பக் கேட்டார். சாய்தளம் இன்னும் பழையபடிதான் இருக்கிறது, ஆனால் இன்ஜினியர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் விடுவதாக இல்லை.

நம் மாவட்டத்தில் ஆறு தொகுதி, ஆறு எம்.எல்.ஏ. ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருடத்துக்கு 3 கோடி ரூபாய் உண்டு. அதில் கட்டுகிற நிழற்குடையில் எத்தனையில் நீங்கள் நாற்காலியோடு ஏறி நிற்க முடியும்? எம்.எல்.ஏ. பரிந்துரைக்கும் எந்தக் கட்டடமும் சாய்தளம் இல்லாமல் வரக் கூடாது என்று கேளுங்கள். அதற்கு அவர் சென்னைக்குக்கூடப் போக வேண்டியதில்லை.

சென்னையில் செய்ய வேண்டியது கேள்வி நேரத்தில் கேள்வி, மானியக் கோரிக்கை விவாதத்தில், அதாவது துறைவாரியாக பட்ஜெட் பணம் ஒதுக்கும் விவாதத்தில், பேச்சு. உதவித்தொகையை எடுங்கள். ஆந்திராவில் 2024 ஜூலையில் 3,000 ரூபாயை 6,000 ஆக்கினார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000. அப்போது இங்கே 1,500, கடுமையான பாதிப்புக்கு 2,000. மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்கிறது அதே 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு. அன்றைய முதியோர் உதவித்தொகை 1,200 என்று வைத்தால் 1,500 சரியாக அந்தக் குறைந்தபட்சம்தான், ஒரு ரூபாய் கூடவும் இல்லை. முதுகுத்தண்டு போனவருக்கு மாதம் டியூப், டயாப்பர், படுக்கைப்புண் மருந்து என்று எவ்வளவு ஆகிறது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? மூன்று மாத பில்லை எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். அதைக் காட்டிவிட்டு, இதைப் பேரவையில் கேட்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்கிறேன் என்றால் எந்தக் கூட்டத்தொடரில் என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, மாவட்டங்களுக்கும் வருவார்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் பொதுவான, நெடுநாளாகத் தீராத பிரச்சினையாக இருக்க வேண்டும். சொந்த உதவித்தொகை, பட்டா, வேலை, கோர்ட்டில் இருக்கும் விஷயம் எதையும் எடுக்க மாட்டார்கள். எம்.எல்.ஏ.விடம் கொடுக்கிற அதே தாளை அங்கேயும் அனுப்புங்கள்.

போகும் முன் போன் பண்ணி, கீழ்த்தளத்தில் சந்திக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பொன்னாடை வேண்டாம். பேசி முடித்த பிறகு போட்டோ எடுக்கலாம். மறுபடியும் நோட்டை நீட்டினால், "வேண்டாம் சார், கேள்வி மட்டும் கேளுங்கள்" என்று சொல்லுங்கள், உங்களுக்கு வாய் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாளை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வெட்டித் தருகிறேன்.