பங்குனியில் உதிரும் தக்காளிப் பூ – கடிதம்

ஐயா, வணக்கம்.

சென்னை கொளத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். வசந்த காலம்தான் காய்கறி போட ஏற்றது என்று வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்து, தை கடைசியில் மொட்டைமாடியில் செடிப் பைகளில் தக்காளியும் காலிஃபிளவரும் விதைத்தேன். செடிகள் நன்றாகவே வந்தன. இப்போது பங்குனி முடியப்போகிறது. தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. காலிஃபிளவர் வெறும் இலையாக இருக்கிறது. உரத்தைக் கூட்டியும் பயனில்லை. தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஆர்.ஓ. கழிவுநீரைத்தான் ஊற்றுகிறேன். இலை ஓரமெல்லாம் கருகுகிறது. எனக்குக் கைராசி இல்லை என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?

ம., கொளத்தூர்

அன்புள்ள ம.,

விட வேண்டாம். விதையிலிருந்து இரண்டு மாதம் வளர்த்துப் பூக்கவைத்தவருக்குக் கைராசி இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

நீங்கள் பார்த்த காணொளிகள் உறைபனி விழும் ஊர்களுக்கானவை. அங்கே பனி விலகிய பிறகுதான் மண்ணில் கைவைக்க முடியும். அதற்குப் பின் மாதக்கணக்கில் இதமான வெயில். நமக்கு மாசி, பங்குனி தாண்டினால் நிற்பது கத்திரி வெயில். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. தையில் காய்த்த செடிகள் ஓயவும், கோடைச் செடிகள் வேர்பிடிக்கவும் நமக்குக் கிடைக்கிற சின்ன இடைவெளிதான் இந்த இரண்டு மாதம்.

தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம் பெரிய பகை. இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் குன்றும், பூ காம்போடு உதிரும். கடலோர ஊரில் பங்குனி முற்ற முற்ற அப்படி இறங்கும் இரவுகள் குறைந்துவிடும். இதற்கு உரம் மருந்தில்லை. தழைச்சத்து கூடினால் இலைதான் கூடும். காலிஃபிளவர் பூக்கட்டக் குளிர் வேண்டும். அதைப் பிடுங்கி, இளம் இலைகளைப் பொரியல் செய்யுங்கள். அந்தப் பைகள் உங்களுக்கு இப்போதே தேவை.

அவற்றில் வெண்டை போடுங்கள். விதையை இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய் பறிக்கலாம். நரம்பு மட்டும் மஞ்சளாகும் செடியைப் பார்த்தால் தயங்காமல் பிடுங்குங்கள். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். தெளிப்பால் அந்தச் செடி மீளாது. மற்றவற்றுக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். கொத்தவரையும் வெயிலுக்கு அஞ்சாது. தண்டுக்கீரை, சிறுகீரை, கொடிப்பசலை என்று கீரைகளையும் விட்டுவிடாதீர்கள். புதிதாகத் தோட்டம் போடுகிறவருக்கு மூன்று நான்கு வாரத்தில் ஒரு குழம்புக்குக் கீரை கிடைப்பது தருகிற தெம்பை வேறெதுவும் தருவதில்லை.

கொடிக்கு இடமிருந்தால் பாகலும் பீர்க்கும். முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வது கண்டு கலங்காதீர்கள். பூவுக்குக் கீழே குட்டிக் காய் தெரிந்தால் அது பெண் பூ. மாடி உயரத்துக்குத் தேனீ வராவிட்டால் ஆண் பூவைப் பறித்து அதன் மேல் மெல்லத் தொட்டுவிடுங்கள். பாகலுக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும். பீர்க்கு மாலையில்தான் விரியும். சுரையும் அப்படியே.

இனி தண்ணீர். இலை ஓரக் கருகலுக்கு என் சந்தேகம் அந்தக் கழிவுநீர் மேல்தான். ஆர்.ஓ. இயந்திரம் உப்பைப் பிரித்து அந்தத் தண்ணீரில்தான் சேர்த்து வெளியேற்றுகிறது. பையின் மண்ணில் அது நாள்தோறும் ஏறும். மேலே வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் உறுதி செய்துகொள்ளலாம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த ஊரில் அதை வீணாக்க மனம் வராதது எனக்குப் புரிகிறது. அதைத் தரை கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாய் வழியே வாளியில் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது அது, உப்பு அநேகமாக இருக்காது. ஓரிரவு ஓடினால் சில லிட்டர் சேரும். போதாத அளவுக்கு ஆழ்துளைத் தண்ணீரைக் கலக்கலாம். ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும்வரை ஊற்றிப் பழைய உப்பைக் கழுவிவிடுங்கள்.

மாடித் தொட்டியின் பிற்பகல் தண்ணீர் கை சுடும். அதை வேரில் ஊற்றவே கூடாது. காலை ஏழு மணிக்குள் ஊற்றுங்கள். பைகளைத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள், மண்ணைக் காய்ந்த இலை, தேங்காய் நார் கொண்டு மூடுங்கள். கத்திரி தொடங்கும்முன் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டிவிட வேண்டும். பை, நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்ந்த மாடித்தோட்டத் தொகுப்பைத் தோட்டக்கலைத் துறை மானியத்தில் தருவதுண்டு, விசாரித்துப் பாருங்கள்.

தக்காளியைக் கார்த்திகைத் தொடக்கத்தில் நாற்றுவிடுங்கள். பெருமழையில் அழுகாமல் நாற்று வளரும் குழித்தட்டைக் கூரையடியில் வையுங்கள். மார்கழியில் பைக்கு மாற்றினால் தையில் பூக்கும். அந்த இரவுகளில் பிஞ்சு நிற்கும்.