தங்கச்சியின் பெயர் எங்கே, தம்பி?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. விசுவமடுப் பக்கம். ஹிப்ஹொப் என்றால் உயிர். அறைச் சுவரில் ராப் பாடகி எம்.ஐ.ஏ.யின், அதுதான் மாயா அருள்பிரகாசத்தின் படம்தான் ஒட்டியிருக்கிறேன். ரீவியைப் போட்டால்தான் கோபம் வருகிறது. தமிழ்நாட்டுச் சானல்களில் எங்கள் ஆட்கள் வந்தால் ஒன்று அழ வேண்டும், இல்லையென்றால் துவக்குத் தூக்க வேண்டும். ராப் என்றால் லண்டன், ரொறன்ரோத் தமிழர்தான். வன்னியில் இருந்து பாடுகிறவனை யார் காட்டுகிறார்கள்? நானும் கூட்டாளிமார் இரண்டு பேரும் ஒரு பாட்டுச் செய்து யூடியூப்பில் போட்டிருக்கிறோம். கோரஸ் தங்கச்சி பாடியது, அதில் எட்டு வரி அவளே எழுதியதும்கூட. ஊரில் கதைப்பார்கள் என்று அவளுடைய பெயரைப் போடவில்லை. அம்மா கார்மென்ட்ஸுக்குப் போய்வந்து படுத்துவிடுவார், பாட்டைக் கேட்பதே இல்லை. தங்கச்சியும் இப்போது முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எங்களுக்கென்று ஒரு இடம் எப்போது கிடைக்கும்?
- ஒரு ரசிகன், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தம்பி, ரீவியைப் பற்றி நீர் எழுதியதில் எனக்குச் சண்டை இல்லை. 2021இல் வந்த இந்தி உளவுத் தொடர் ஒன்று ஈழத்தமிழரைக் காட்டிய விதம் பிழை என்று தமிழ்நாடு அரசே டெல்லிக்குக் கடிதம் எழுதியது. அதற்கு முந்திய வருடம் நெட்பிளிக்ஸ் தொடர் ஒன்றில் கனடாவில் பிறந்த நம்முடைய பிள்ளை மைத்ரேயி ராமகிருஷ்ணன் கதாநாயகியாக வந்தார். கதையில் அவர் இந்தியத் தமிழ் வீட்டுப் பிள்ளை. இதை வைத்துக்கொண்டு நீர் விடிய விடிய வாதாடலாம். வாதாடும். பெரும்பாலும் நீர்தான் வெல்வீர்.

ஆனால் 'எங்களை ஒருவரும் காட்டுவதில்லை' என்று பெடியன்கள் எழுதும் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவருக்குக் கூத்து, ஒருவருக்குக் குறும்படம், உமக்கு ராப். அநேகமாக எல்லாக் கடிதத்திலும் ஏதோ ஒரு மூலையில் பெயரில்லாத ஒரு பெண் வேலை செய்துகொண்டிருப்பாள். உம்முடைய கடிதத்தில் அவள் கோரஸ் பாடுகிறாள், எட்டு வரியும் எழுதுகிறாள். அவளை ஒரே வசனத்தில் கடந்துபோய்விட்டீர். நான் அங்கேயே நிற்கப்போகிறேன்.

ஊர் கதைக்கும் என்கிறீர். சரி, ஊருக்கு அவளுடைய குரல் தெரியாதா? கோயிலில் தேவாரம் பாடியிருப்பாள், பள்ளிக்கூட விழாவில் பாடியிருப்பாள். கோரஸ் தொடங்கின உடனேயே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும். ஆக, பெயரை மறைத்து ஊர்வாயை நீர் மூடவில்லை. அவளுக்கு வரவேண்டிய பாராட்டு உமக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான் நடந்தது. இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதேயும்: அந்த எட்டு வரியும் உம்முடைய வரிகளைவிட நன்றாக இருக்கின்றனவோ? சுமாராக இருந்திருந்தால் பெயரைப் போட்டிருப்பீர் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சுவரில் இருக்கிற படத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாரும். அந்தப் பெண் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சின்ன வயதைக் கழித்து, பிறகு திரும்ப லண்டனுக்குப் போனவர். 2009 பெப்ரவரியில் மாதம் நிறைந்த வயிற்றோடு கிராமி மேடையில் ஏறிப் பாடினார். வன்னிச் சனம் பங்கருக்குள் கிடந்த நாட்கள் அவை. அவரைப் பற்றி ஊர் கதைக்கவில்லையா? உலகமே கதைத்தது. அவர் உம்முடைய தங்கச்சியாகப் பிறந்திருந்தால் அவருடைய பெயரையும் வெட்டியிருப்பீர். தூரத்துப் பெண்ணின் துணிச்சலைச் சுவரில் ஒட்ட ஒரு ஆண்பிள்ளைக்குச் செலவே இல்லை, தம்பி.

நீர் உயிர் என்று சொல்லும் ஹிப்ஹொப் எப்படிப் பிறந்தது என்றாவது தெரியுமா? 1973 ஓகஸ்ட் 11. நியூயோர்க்கில் பிரொங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடி. ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண் சிண்டி கம்பெல், பள்ளிக்கூடம் தொடங்குமுன் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று கீழ்மாடி மண்டபத்தில் ஒரு விருந்து வைக்கிறாள். அழைப்பைக் கையால் எழுதுகிறார்கள். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசைத்தட்டுப் போட்டவன் அவளுடைய அண்ணன் கிளைவ். டிஜே கூல் ஹெர்க் என்றால் உமக்குத் தெரியும். பாட்டில் சனம் துள்ளி ஆடும் தாளத் துண்டை மட்டும் பிடித்து, இரண்டு இசைத்தட்டில் மாற்றி மாற்றி நீட்டினவன். ஹிப்ஹொப்பின் தகப்பன் என்று அவனைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கையெழுத்து அழைப்பில் சிண்டியின் பெயரும் இருந்தது. தங்கச்சியின் உடுப்புக்காகத் தொடங்கின இசையில் தங்கச்சிக்கே இடமில்லை என்று நீர் எங்கே படித்தீர்?

இன்னொரு கதை, உமக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். 2021இல் உலகம் முழுக்கப் பரவிய 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற தமிழ்ப் பாட்டை எழுதிப் பாடியவர் ராப் பாடகர் அறிவு. தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டியை நினைத்து எழுதியது. அந்த வருடம் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவரோடு சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடிய பாடகி தீ இருந்தார், ரொறன்ரோவில் வளர்ந்த நம்முடைய ராப் பாடகர் இருந்தார், அறிவு இல்லை. எவ்வளவு சத்தம் போட்டோம்! நீரும் போட்டிருப்பீர். அட்டையில் இருந்த இரண்டு பேருக்கும் வேர் ஈழத்தில் என்பதையும் நினைத்துப் பாரும். இடம் கிடைக்காதவன் கையில் ஒரு சின்ன இடம் வந்தவுடன் அவன் என்ன செய்கிறான் என்பதுதான் எனக்குக் கேள்வி. உமக்கு யூடியூப்பில் ஒரு முழம் இடம் கிடைத்தது. முதல் வேலையாக வீட்டுப் பிள்ளையை வெளியே தள்ளினீர்.

நான் பழைய மனுசி. தங்கச்சிக்கு அண்ணன் காவல் என்பதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் காவல் என்றால் கதைக்கிறவனுக்கு முன்னால் போய் நிற்பது. பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அவள் குரலை மட்டும் வெளியே எடுத்து விற்பதற்குப் பெயர் காவலா? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஒவ்வொரு வருடமும் போகிறவர்கள் நாம். அரசன் சபையில் ஏறித் தனியாக நீதி கேட்டவளுக்குப் பொங்கிவிட்டு வந்து, 'பெண்பிள்ளை பெயர் வெளியே வரக்கூடாது' என்று சொல்ல நமக்குக் கொஞ்சமாவது கூசவேண்டும்.

அம்மாவைப் பற்றி எழுதியதைத் திரும்ப வாசித்தீரா? இருட்டோடு பஸ் ஏறி, நாள் முழுக்கத் தைத்துவிட்டு வருகிற மனுசி களைத்துப் படுப்பது உமக்கு அவமதிப்பாகத் தெரிகிறது. நீர் வரி எழுதிக்கொண்டு இருக்கையில் அந்த வீட்டில் சோறு யார் வடிக்கிறார்கள்? கடிதத்தில் அது இல்லை. தங்கச்சிதான் என்று ஊகிக்கிறேன்.

இன்றைக்கு அம்மா வேலையால் வந்த பிறகு, அவர் முன்னால் வைத்துத் தங்கச்சியிடம் கேளும். போனில் மெசேஜ் போட்டுவிட்டுத் தப்ப வேண்டாம். பெயர் போட அவளுக்கு விருப்பமா, எந்தப் பெயர், படமும் போடலாமா என்று அவள் சொல்லட்டும். வேண்டாம் என்றால் அது அவள் முடிவு. இதுவரைக்கும் அது உம்முடைய முடிவாக இருந்தது. விருப்பம் என்றால் 'கோரஸ்' என்று மட்டும் போடாமல் 'வரிகள்' என்ற இடத்திலும் போடும், உம்முடைய பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். கூட்டாளிமார் முணுமுணுத்தால் அவர்களுக்குப் பதில் சொல்வதும் உம்முடைய வேலை. எந்தப் பெரியவராவது சந்தியில் மறித்து 'என்ன தம்பி, தங்கச்சியைப் பாட விட்டிருக்கிறீர்' என்று கேட்டால், 'ஓம் ஐயா, எழுதினதும் அவள்தான்' என்று சொல்லும்.

பாட்டின் இணைப்பைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர். நான் இன்னும் திறக்கவில்லை. பெயரைப் போட்டுவிட்டு அறிவியும், கேட்கிறேன்.