கணினிக் கேள்வி பதில்: பழைய ரெய்ட் காட் வாங்கலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டோடு சேர்த்து ஸ்ரூடியோ நடத்துகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீட்டு வீடியோக்களோடு, ஊர்ச்சனம் தந்த பழைய படங்களையும் ஸ்கான் செய்து வைத்திருக்கிறேன். கொழும்பில் ஒரு சேர்வரில் கழற்றிய எல்எஸ்ஐ மெகாரெய்ட் 9260-8i காட் (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்ட் காட்) மலிவாக வருகிறது. சிசிடிவி பெட்டிகளில் ஓடிய 4 டெராபைட் ஹாட் டிஸ்க் நான்கும் கூடவே தருகிறார்கள். ரெய்ட் 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் உள்ளே இருப்பது மிஞ்சும்படி, ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பாதுகாப்புக்கு விடும் முறை) போட்டால் 12 டெராபைட் இடம் வரும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது கூடாத காட் என்பதற்காகச் சொல்லவில்லை. எட்டு டிஸ்க் வரை நேரே பூட்டலாம், தனக்கென்று புரோசசரும் 512 மெகாபைட் மெமரியும் வைத்திருக்கிறது. ஆனால் அது கரண்ட் போகாத, குளிரூட்டிய அறைக்கென்று செய்த சாமான். நீங்கள் அதை வைக்கப்போவது கிளிநொச்சியில் ஒரு வீட்டில்.

அந்த 512 மெகாபைட் மெமரியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. நீங்கள் ஒரு வீடியோவைக் கொப்பி பண்ணும்போது காட் அதை முதலில் தன் மெமரியில் வாங்கிக்கொண்டு, ‘எழுதியாச்சு’ என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிவிடும். டிஸ்கில் எழுதுவது அதற்குப் பிறகுதான். வேகம் வருவது இதனால். இடையில் கரண்ட் போனால் மெமரியில் நிற்பது அழியாமல் இருக்கத்தான் காட்டோடு ஒரு சின்னப் பற்றரி பூட்டுவார்கள். பழைய சேர்வரில் கழற்றிய காட்டில் அந்தப் பற்றரி ஒன்றில் இருக்காது, இல்லாவிட்டால் செத்திருக்கும்.

பற்றரி இல்லை என்று கண்டால் காட் வழமையாக நேரே டிஸ்கில் எழுதும் முறைக்கு மாறிவிடும். ரெய்ட் 5இல் அப்படி எழுதுவது ஊர்ந்து ஊர்ந்துதான் நடக்கும். அப்போது தெரிந்தவர் ஒருவர் வந்து, ‘செட்டிங்கில் எப்பவும் ரைட் பேக் என்று போடுங்கோ, பறக்கும்’ என்பார். பற்றரி இல்லாவிட்டாலும் முதலில் மெமரியில் வாங்கிவைத்து எழுதும் முறை அது. பறக்கும்தான். ஐப்பசியில் பின்னேரம் இடி முழங்கிக் கரண்ட் போகிற அன்றைக்கு, எழுதியாச்சு என்று சொன்ன பைல் டிஸ்கில் இராது. சில வேளை, எந்தப் பைல் எங்கே என்று குறித்து வைக்கும் பைல் சிஸ்டமே குழம்பிப்போய், முந்தி எழுதியவையும் திறக்காது. என்னிடம் திருத்த வருபவற்றில் மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். டிஸ்க் நாலும் நல்லாக இருக்கும், உள்ளே இருந்ததுதான் போயிருக்கும்.

அடுத்தது, காட்டே செத்தால் என்ன செய்வது? எந்தத் துண்டு எந்த டிஸ்கில் என்பதைக் காட் தன் முறையில்தான் குறித்து வைத்திருக்கும். அந்த நான்கையும் கழற்றி உங்கள் விண்டோஸ் கொம்பியூட்டரில் பூட்டினால் ஒரு படமும் தெரியாது. அதே குடும்பத்துக் காட் இன்னொன்று தேட வேண்டும். இதைச் செய்த எல்எஸ்ஐ கொம்பனியை 2014இல் அவாகோ என்ற கொம்பனி வாங்கி, அந்த அவாகோவும் பிறகு புரோட்கொம் என்று பெயர் மாறிவிட்டது. இந்த மொடலைப் புதிதாக வாங்கவும் ஏலாது. பழைய காட் ஒன்று பஸ்ஸில் வந்து சேரும்வரை கலியாண வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

சூட்டையும் யோசியுங்கள். சேர்வருக்குள் விசிறிகள் எந்நேரமும் காற்றடிக்கும் என்று நம்பிச் செய்த காட் இது. சித்திரை வெயிலில், சாதாரணப் பெட்டிக்குள் தனி விசிறி இல்லாமல் ஓடினால் அதன் மேலுள்ள அலுமினியத் தகட்டில் விரல் வைக்க ஏலாது.

சிசிடிவி டிஸ்க் நான்கும் எவ்வளவு ஓடியவை என்று பார்த்தீர்களா? கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவச மென்பொருளில் ‘பவர் ஒன் ஹவர்ஸ்’ என்றொரு எண் வரும். இரவு பகலாக ஓடினால் வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். 40,000 என்று காட்டினால் நாலரை வருடம் ஓய்வில்லாமல் சுழன்ற டிஸ்க் அது. அதே பட்டியலில், டிஸ்கில் பழுதான இடங்களையும் சந்தேகமான இடங்களையும் எண்ணும் 05, சி5 என்ற இரண்டு வரிகளிலும், கடைசியில் ‘ரோ வலியூஸ்’ என்ற இடத்தில் பூச்சியத்தைத் தவிர வேறெதும் இருந்தால் காசு கொடுக்காதீர்கள்.

ரெய்ட் 5இல் ஒன்று செத்துப் புதிதைப் பூட்டினால், மிச்சம் மூன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, அதாவது 12 டெராபைட்டையும், வாசித்துத்தான் காட் அதைத் திரும்ப நிரப்பும். செக்கனுக்கு 150 மெகாபைட் என்று நல்ல வேகத்தில் போனாலும் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும்; வேலையும் நடந்தால் ஒரு நாள் போகும். வீட்டுப் பாவனை டிஸ்குகள் பலவற்றுக்கு, 12.5 டெராபைட் வாசித்தால் ஒரு வாசிப்புப் பிழை வரலாம் என்றுதான் கொம்பனிகளே எழுதியிருக்கின்றன. உண்மையில் அதைவிட நன்றாகவே ஓடுகின்றன. ஆனாலும் ஒன்றாகக் கிழடாகிய மூன்று டிஸ்கை நம்பி ஊர்ச்சனத்தின் படங்களை வைக்க எனக்கு மனம் வராது.

சரி, என்ன வாங்கலாம்? புதிதாக 8 டெராபைட் டிஸ்க் இரண்டு. நான்கு வேண்டாம், இரண்டு போதும்: சூடு குறைவு, வயர் குறைவு, யூபிஎஸ் (கரண்ட் போனால் பற்றரியில் ஓடவைக்கும் பெட்டி) கூடுதல் நேரம் தாங்கும். இரண்டையும் ரெய்ட் 1 ஆகப் போடுங்கள். இரண்டிலும் ஒரே சாமான் இருக்கும். லினக்ஸ் தெரியுமென்றால் அதிலேயே வரும் எம்டிஏடிஎம் என்ற ரெய்ட் மென்பொருள் போதும். தெரியாவிட்டால் இரண்டு டிஸ்க் பூட்டும் சின்ன நாஸ் பெட்டி, அதாவது ரூட்டரோடு பூட்டி, வீட்டுக் கொம்பியூட்டர்கள் எல்லாவற்றிலிருந்தும் பாவிக்கும் டிஸ்க் பெட்டி. எம்டிஏடிஎம் போட்ட ஒரு டிஸ்கைத் தனியே கழற்றி, லினக்ஸ் ஏற்றிய எந்தக் கொம்பியூட்டரில் பூட்டினாலும் படங்கள் வரும். யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி வயரோடு வருவதாகக் கேளுங்கள். பற்றரி இறங்கும்போது அது கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்திவிடும். மழை இருட்டினால் கரண்ட் பிளக்கை மட்டுமல்ல, ரூட்டருக்கு வரும் வயரையும் கழற்றுங்கள்.

மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கி, கிழமைக்கொருக்கா கொப்பி பண்ணி, வேறு வீட்டில் வையுங்கள். காட்டுக்கு வைத்த காசை இதில் போடுங்கள். கை தவறி ஒரு போல்டரை அழித்தால் ரெய்ட் அதை இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழிக்கும். 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியில் எத்தனை வீட்டுக்குள் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

உங்களிடம் ஸ்கான் செய்யத் தந்தவர்களையே கேட்டுப்பாருங்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களிடம் இன்றைக்கு ஒரு பழைய கலியாணப் படம் இருக்கிறதென்றால், என் கண்டறிவில் அது அநேகமாக யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டு அல்பத்திலிருந்து திரும்பி வந்தது. கொப்பி வேறோர் இடத்தில் இருந்தபடியால்தான் அது மிஞ்சியது. அந்தப் படங்களுக்கு நீங்கள் இப்போது பொறுப்பு. உங்கள் மூன்றாவது டிஸ்க் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நாஸ் பெட்டிக்கு டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) கொம்பனியின் ரெட், ரெட் பிளஸ் டிஸ்க் இரண்டில் எது? (மாங்குளம் வாசகர்)

பதில்: ரெட் பிளஸ். ஓட்டுக்கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறியிருப்பதுபோலத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் டிஸ்குகள் உண்டு, எஸ்எம்ஆர் என்பார்கள். ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்ட் திரும்ப நிரம்பும்போது இவை திணறும். ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையானவற்றில் இந்த முறை இருந்தது 2020இல்தான் வெளியே தெரியவந்தது. பிறகு பழைய முறை டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். சீகேட் கொம்பனி டிஸ்க் என்றால் அயன்வுல்ப் வரிசை எடுக்கலாம். அவர்களின் பரகுடா வரிசையில் எஸ்எம்ஆர் நிறைய, தவிருங்கள்.

கேள்வி: மதர்போட் பயோஸிலேயே ரெய்ட் இருக்கிறதே, அது போதாதா? (முல்லைத்தீவு வாசகர்)

பதில்: அதில் வேலை செய்வது உங்கள் புரோசசரும் விண்டோஸ் டிரைவரும்தான், தனிக் காட் ஒன்றும் இல்லை. போட் செத்தால் அதே வகைப் போட்டைத் தேடி அலைய வேண்டும். விண்டோஸ்தான் வேண்டுமென்றால் கண்ட்ரோல் பனலில் ‘ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’ திறந்து, இரண்டு டிஸ்கிலும் ஒரே சாமானை எழுதும் ‘டூ வே மிரர்’ தெரிவு செய்யுங்கள். அந்த டிஸ்குகளை நாளைக்கு வேறு விண்டோஸ் கொம்பியூட்டரில் பூட்டினாலும் எடுக்கும். தொடங்குவதற்கு முன் டிஸ்கில் உள்ளதை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள், அது முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் தொடங்கும்.