டவருக்கு ஒரு எர்த், வீட்டுக்கு ஒரு எர்த்தா?

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் சுற்றுக் கிராமங்களுக்கு வயர்லெஸ்ஸில் இன்டர்நெட் கொடுத்து வருகிறேன். மாடி வீட்டை ஒட்டி 30 மீட்டர் டவர். அதற்குத் தனியாக எர்த் குழி போட்டோம், போன கார்த்திகையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது எர்த்தின் தடை 2 ஓம்தான் காட்டியது. இருந்தும் இடி இடித்தாலே, வீட்டிலுள்ள நெட்வொர்க் சுவிட்சில் கேபிள் செருகும் லேன் போர்ட் போய்விடுகிறது. வீட்டு எர்த்தோடு டவர் எர்த்தைச் சேர்க்கவே கூடாது என்கிறார் எலக்ட்ரீஷியன். இன்னொரு குழி தோண்டட்டுமா?

பதில்: குழி இருக்கட்டும், முதலில் அந்த இரண்டு எர்த்தையும் சேருங்கள். மின்னலில் 30,000 ஆம்பியர் வருவது சாதாரணம். உங்கள் 2 ஓமில் அது இறங்கும்போது டவர் முழுக்க ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 60,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும், வீட்டு எர்த்தோ இருந்த இடத்திலேயே இருக்கும், இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் லேன் கேபிள் ஒன்றுதான் என்பதால் அத்தனை வித்தியாசமும் அந்தப் போர்ட்டின் தலையில் விடிகிறது. இரண்டையும் மண்ணுக்கடியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் இணைத்துவிட்டால் டவரும் வீடும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சேர்ப்பது வீட்டின் மெயின் எர்த்தோடு மட்டும்தான், நியூட்ரலைத் தொடவே கூடாது. லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துச் செய்யுங்கள்.

அப்புறம் கேபிள். ஷீல்டு (உள்ளே உலோக உறை) உள்ள அவுட்டோர் கேபிளாகப் போட்டு, மேலே வயர்லெஸ் ரேடியோ பக்கத்தில் ஒன்று, கீழே வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று என்று, திடீரென்று பாயும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள். அதன் எர்த் வயர் கீழ்நோக்கியே போகவேண்டும். பலர் நீளம் மிஞ்சிவிட்டதென்று சுருட்டிக் கட்டிவைக்கிறார்கள், சிலர் அழகுக்காக மூலையில் நறுக்கென்று மடிக்கிறார்கள். மின்னல் அந்த மடிப்பில் திரும்பாது, குறுக்கே பாய்ந்துவிடும். கேபிள் உள்ளே நுழையுமுன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேலே இணைப்புகளில் டேப் சுற்றும்போது கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான், கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தண்ணீரை வெளியே தள்ளும்.

கார்த்திகையில் எடுத்த 2 ஓமை நம்பவேண்டாம். வாய்க்காலும் வயலும் நிரம்பிக் கிடக்கும்போது நம் களிமண் குறைந்த தடையைத்தான், அதாவது நல்ல அளவைத்தான் காட்டும். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடி, சித்திரை வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது மண் எர்த் கம்பியை விட்டே விலகிப் போகிறது, கோடை இடியும் அப்போதுதான் வருகிறது. சித்திரையில் ஒருமுறை அளந்து பாருங்கள், அதிகமாக இருந்தால் அப்போது குழியைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: வேதாரண்யத்தில் எங்கள் டவர் காலில் செம்புக் கம்பியை நேராக போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் துரு. பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. உப்புக் காற்றில் செம்பும் டவர் இரும்பின் துத்தநாகப் பூச்சும் ஒட்டிக் கிடந்தால் துத்தநாகம்தான் கரையும், பிறகு இரும்பு. கழற்றி, துருவைச் சுரண்டி, வெள்ளீயம் பூசிய லக்கும் (கம்பி முனையில் மாட்டும் வளையம்) ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் போட்டு, இறுக்கியபின் மேலே துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். ஐப்பசி பிறக்குமுன் முடித்துவிடுங்கள். ஏறுகிறவருக்கு இரண்டு கொக்கி உள்ள முழு உடல் பெல்ட் கட்டாயம், ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியே இருக்கவேண்டும். தூரத்தில் இடிச்சத்தம் கேட்டாலே இறக்கிவிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஏற்றவேண்டும்.