மூச்சு வாங்கும் இடத்தில் காற்புள்ளி போடலாமா?

மலையகப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆங்கில வாக்கியங்களில் காற்புள்ளி பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

தலவாக்கலை, சாதாரண தர மாணவி: சேர், வாசிக்கும்போது மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி போட்டால் சரிதானே?

சரியில்லை, மகள். மூச்சு ஆளுக்கு ஆள் மாறும். 'த விமன் ஹூ வேர்க் இன் த அப்பர் டிவிஷன், கெட் அப் ஏர்லி' என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காற்புள்ளி எழுவாயையும் பயனிலையையும் வெட்டிவிடுகிறது. தமிழில் நீண்ட எழுவாய்க்குப் பின் காற்புள்ளி போடுவது வழக்கம். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது பிழை.

பண்டாரவளை, ஒரு தாய்: மகனுடைய கொப்பியில் 'ஹூ' வரும் இடத்தில் சில வேளை காற்புள்ளி இருக்கிறது, சில வேளை இல்லை. எது சரி?

இரண்டும் சரி, பொருள்தான் வேறு. 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் ஹட்டன் இஸ் எ நேர்ஸ்' என்று காற்புள்ளியின்றி எழுதினால், பல சகோதரர்களில் ஹட்டனில் இருப்பவரைச் சுட்டுகிறோம். 'பிரதர்' என்பதற்குப் பின்னும் 'ஹட்டன்' என்பதற்குப் பின்னும் காற்புள்ளி வந்தால், யாரைச் சொல்கிறோம் என்பது முன்பே தெரியும். ஹட்டன் வெறும் மேலதிகத் தகவல். 'ஹட்டனில் இருக்கும் என் அண்ணன்' என்ற தமிழ்த் தொடர் இரண்டுக்கும் பொருந்துவதால் நம் பிள்ளைகளுக்கு வித்தியாசம் புலப்படுவதில்லை. அந்தப் பகுதியை நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். யாரைச் சொல்கிறோம் என்பது அப்போதும் தெளிவாக இருந்தால் இரு பக்கமும் காற்புள்ளி வேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை மறப்பதுதான் நான் அதிகம் திருத்திய பிழை.

ஹட்டன், வங்கி ஊழியர்: 'ஹவெவர்' என்பதற்கு முன் காற்புள்ளி போதுமா?

இரண்டு முழு வாக்கியங்களை இணைக்கும் இடத்தில் போதாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னால் காற்புள்ளி. 'மழை பெய்தது, பஸ் வரவில்லை' என்று தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தில் அப்படிக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டக்கூடாது.

மஸ்கெலியா: மூச்சு விடும் இடத்தில்...

முதற் பதிலை வாசியுங்கள்.

பொகவந்தலாவை, தோட்டக் காரியாலய கிளாக்கர்: பட்டியலில் 'அண்ட்', 'ஓர்' என்பவற்றுக்கு முன் காற்புள்ளி தேவையில்லை என்றுதான் நாங்கள் படித்தோம். இப்போது பிள்ளைகள் போடுகிறார்கள்.

பிரித்தானியாவில் பெரும்பாலும் போடுவதில்லை. ஆனால் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் போடுகிறது. அமெரிக்க நூல்களில் அது வழமை. பொருள் குழம்பும் இடத்தில் போடுங்கள் என்பேன். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவு கிடைக்காத வேலைகளைச் சட்டம் பட்டியலிட்டிருந்தது. அதன் கடைசியில் 'பேக்கிங் ஃபோர் ஷிப்மென்ட் ஓர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று வந்தது. 'ஓர்' என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொதி செய்வதா? தனி வேலை என்றால் விநியோகிப்பவருக்கு அந்தக் கொடுப்பனவு இல்லை. பால் நிறுவனம் ஒன்றின் விநியோகச் சாரதிகள் அதன்மேல் வழக்காடினார்கள். 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் நிறுவனம் 50 இலட்சம் டொலருக்கு இணங்கியது. உழைப்பவரின் கூலி ஒரு காற்புள்ளியில் தங்கியிருந்தது!

அதே கிளாக்கர்: அந்தக் காற்புள்ளியும் குழப்பும், சேர். 'மை சிஸ்டர், எ டீச்சர், அண்ட் ஐ' என்றால் இரண்டு பேரா, மூன்று பேரா?

நல்ல கேள்வி. அங்கே காற்புள்ளியை எடுத்தால் மூவர் என்பது தெளிவாகும். அக்காவே ஆசிரியை என்றால் 'மை டீச்சர் சிஸ்டர்' என்று ஒட்டாமல், வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள். ஆகவே எப்போதும் போடு என்றோ, ஒருபோதும் போடாதே என்றோ நான் சொல்லமாட்டேன்.

பதுளை: 'இஃப்' வந்தால்?

முதலில் வந்தால், அந்தப் பகுதி முடிந்ததும் காற்புள்ளி. நடுவில் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்.

நுவரெலியா: ஒரு காற்புள்ளிக்கு எத்தனை புள்ளி குறைப்பார்கள்?

பரீட்சைத் திணைக்களத்திடம் கேளுங்கள். மூச்சை நம்பிப் போட்டால் குறையத்தான் செய்யும்.

லிந்துலை, தொழிற்சங்க உறுப்பினர்: சம்பள ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியில் இப்படி ஒரு பட்டியல் வந்தால் என்ன செய்வது?

கையெழுத்திடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். மேய்ன் சட்டத்தைப் பின்னர் திருத்தியபோது, வேலைகளுக்கு இடையே அரைப்புள்ளி இட்டார்கள். நீங்கள் ஒவ்வொரு வேலையையும் தனி வரியில் இலக்கமிட்டு எழுதும்படி கேளுங்கள்.